ஹல்லொலுவ வீதியில் ஒரு வீடு

கண்டிக்கு உறவினர் வந்தால் பேராதனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறோம், குளத்தைச் சுற்றி நடக்கிறோம். ஹல்லொலுவ வீதியில் ஒராபி பாஷா வாழ்ந்த வீட்டுக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? பரீட்சைக்காக அவர் பெயரை மனனம் செய்தவர்கள்தான் நாம்.

1882இல் எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றவர் அஹ்மத் ஒராபி. 1883 ஜனவரியில் தோழர்களோடு கொழும்பில் கொண்டுவந்து இறக்கப்பட்டார். பின்னர் கண்டிக்குக் குடிவந்து, 1901இல் நாடு திரும்பினார். கூட வந்தவர்களில் மஹ்மூத் ஸாமி அல்-பாரூதியும் ஒருவர். எகிப்தின் பிரதமராக இருந்தவர். நவீன அரபுக் கவிதைக்கு உயிர் கொடுத்தவர். ஊரையும் உறவையும் பிரிந்த துயரை அவர் கவிதையாக்கியது நமது இலங்கையில்தான். அரபு இலக்கியம் படிப்பவர்கள் கெய்ரோவில் இதை அறிவார்கள். கண்டியில் நாம் அறியோம்!

ஒராபி நமக்கு வெறும் விருந்தாளியல்ல. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை கல்விக்காகத் தனியே போராடிக்கொண்டிருந்தபோது தோள் கொடுத்தவர். 1892இல் மருதானையில் ஸாஹிரா எழுந்ததில் அவரது ஊக்கமும் உண்டு. சித்திலெப்பை கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை திறந்தார். நாம் சீருடையோடு வகுப்பில் இருப்பதற்கு அங்கே ஒரு தொடக்கம் இருக்கிறது.

ஒராபியின் வீட்டைப் பற்றிக் கவலைப்பட எகிப்து என்றொரு நாடு இருந்தது. அதனால் அது இன்று கலாசார நிலையமாக நிற்கிறது. நமது உம்மம்மாமாரின் வீடுகளுக்கு யார் இருக்கிறார்கள்? அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகலையிலும் தாழ்ந்த ஓட்டுக் கூரையும் நீண்ட விறாந்தையும் கொண்ட பழைய வீடுகள் ஒவ்வொன்றாகக் கொங்கிறீட் மாடிகளாகின்றன. உடைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் வாளி வைத்துப் படுப்பது யாருக்கென்று எங்களுக்கும் தெரியும். பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கவும் வேண்டும்.

ஆனால் வாப்பாமாரிடம் ஒன்று கேட்கிறேன். மேசன்மார் வருவதற்கு முன் ஒரு வாரம் மகளிடம் அந்த வீட்டைக் கொடுங்கள். ரியூஷன் ஒரு வாரம் தவறினால் பரவாயில்லை. அறைகளை அளந்து படம் வரையட்டும். பெண்கள் இருந்து ஓதிய இடம் எது, ஜன்னலுக்கு ஏன் அத்தனை உயரம் என்று உம்மம்மாவிடமே கேட்டு எழுதட்டும். முக்கியமாக, அலுமாரிக்கு மேலே துணியில் சுற்றிக் கிடக்கும் அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் பழைய கடதாசிக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் ஒரு சிலர் உயிரோடு இருக்கிறார்கள்.

அப்படி எழுதப்படும் குறிப்புகளுக்கு அடுத்த இதழில் நான்கு பக்கங்கள் ஒதுக்கித் தரும்படி ஆசிரியர் குழுவிடமும் கேட்டுக்கொள்கிறேன்.