கேட்டுப் பார்ப்பதால் நட்டமென்ன?

தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது நம்மவர் பழமொழி. இல்லறத்துக்கு இது நல்ல அறிவுரையே. மாமனார் வீட்டிலிருந்து வந்த குத்துவிளக்கைத் தராசிலிட்டு நிறுத்துப் பார்ப்பவனை எவரும் மெச்சமாட்டார். ஆயின், ஊரின் நன்மை தீமைகளைத் தலையிற் சுமந்து நிற்கும் ஒரு மாநகரசபைக்கு இப்பழமொழி பொருந்துமா? பல்லைப் பாராமலே மாட்டைக் கொட்டிலிற் கட்டிய நகரங்கள் ஐக்கிய அமெரிக்காவில் பல. பல்லைப் பார்த்த பின் மாட்டைத் திருப்பி அனுப்பிய ஒரு வட்டாரமும் அங்கு உண்டு. அவ்விரு கதைகளையும் இவ்வாரம் வாசகரோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அமெரிக்கப் பெருநகரங்கள் பலவும் மெலிந்த நோயாளி போலிருந்தன. வசதி படைத்தோர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்தம் வீட்டுக் கடன்களுக்குச் சமஷ்டி அரசாங்கமே காப்புறுதி அளித்தது. நகரின் நடுவே எஞ்சியவை பழைய வீடுகளும் வருவாய் குறைந்த மக்களுமே. குளியலறையற்ற வீடுகளும், ஒரே மாடிப்படியை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்ந்த கட்டடங்களும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. வரி வருமானம் தேய்ந்துவர, செலவு மட்டும் வளர்ந்தது. இந்நிலையிலேயே 1949ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் ஜனாதிபதி ட்ரூமன் வீடமைப்புச் சட்டத்தில் ஒப்பமிட்டார்.

அச்சட்டத்தின் முதலாம் பகுதி வகுத்த வழி இது. நகரம் ஒரு பகுதியைச் சீர்கெட்ட இடமெனக் குறிக்கலாம். அங்குள்ள காணிகளையும் வீடுகளையும், உரியவர் விரும்பினும் விரும்பாவிடினும், விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். கட்டடங்களை இடித்து, வெறும் நிலத்தைத் தனியார்க்கு விற்கலாம். இதில் நகரத்துக்கு விழும் நட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை வோஷிங்டன் ஏற்றுக்கொள்ளும்.

இதனை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். காணி வாங்கவும் இடிக்கவும் 30 இலட்சம் டொலர் சென்றதென்றும், நிலத்தை விற்றதில் 9 இலட்சம் வந்ததென்றும் கொள்வோம். நட்டம் 21 இலட்சம். அதில் 14 இலட்சத்தைச் சமஷ்டி அரசாங்கம் கொடுக்கும். நகரம் கொடுக்க வேண்டியது 7 இலட்சமே. அந்த ஏழையும் பணமாகவே கொடுக்க வேண்டுமென்பதில்லை. அப்பகுதிக்குப் பயன்படும் பாடசாலையையோ வீதியையோ பூங்காவையோ நகரம் அமைத்தால், அதன் செலவையும் தன் பங்கில் எழுதிக்கொள்ளலாம். எப்படியும் கட்டவிருந்த பள்ளிக்கூடத்தைக் காட்டி 14 இலட்சம் பெறலாமென்றால், எந்தச் சபைக்குத்தான் நாவூறாது?

ஆகவே, சபை மண்டபங்களில் விவாதம் எழுந்தபோதெல்லாம் ஒரு வாதம் மற்றெல்லாவற்றையும் வென்றது. “நாம் கேளாவிடின் வேறு நகரம் கேட்டுப் பெறும். இப்பொழுது போடுவது விண்ணப்பந்தானே. ஆராய்ச்சிக்கும் திட்டம் வரைவதற்கும் முற்பணங்கூட அவர்களே தருகின்றனர். கேட்டுப் பார்ப்பதால் நட்டமென்ன?” என்பதே அவ்வாதம். கேட்பதற்கு இனிய வாதம். உலகியல் அறிந்தோர் பேச்சுப் போலவும் தோன்றும். இது பொய்த்த விதத்தைப் பொஸ்டன் நகரில் காணலாம்.

பொஸ்டனில் வெஸ்ட் எண்ட் என்றொரு வட்டாரம் இருந்தது. இத்தாலியரும் யூதரும் போலந்து நாட்டவரும் பிறரும் நெருங்கி வாழ்ந்த இடம். அதனை இடித்துப் புதுக்குவதென்ற திட்டம் 1953இல் அறிவிக்கப்பட்டது. இடிப்போ 1958இலேதான் தொடங்கியது. இடையிலிருந்த ஐந்தாண்டுகளே நாம் உற்றுநோக்க வேண்டியவை. நாளை இடிபடப்போகும் வீட்டுக்கு இன்று சுண்ணாம்பு பூசுபவர் யார்? வீட்டுச் சொந்தக்காரர் திருத்த வேலைகளைக் கைவிட்டனர். போக இடமிருந்தோர் முன்னரே போயினர். வெறுமையான வீடுகளின் கண்ணாடிகள் உடைந்தன. நல்ல நிலையிலிருந்த வீதிகளும் நாளடைவிற் பாழடைந்தன. ஈற்றில் இடிக்க வந்தோர், “பாருங்கள், நாங்கள் சொன்னதுபோல இது சேரிதானே!” என்று கூறத்தக்க நிலை அங்கு உண்மையாகவே உருவாகிவிட்டது. நோயில்லாதவனை நோயாளி என்று அறிவித்து, அவ்வறிவிப்பினாலேயே அவனைப் படுக்கையில் வீழ்த்தியது போன்ற செயல் இது.

இடிப்புக்குச் சற்று முன்னர், 1957ஆம் ஆண்டின் இறுதியில், ஹேர்பட் கான்ஸ் என்ற சமூகவியல் அறிஞர் அவ்வட்டாரத்தில் வாடகைக்குக் குடியேறி எட்டு மாதமளவில் வாழ்ந்தார். தாம் கண்டவற்றை 1962இல் ஒரு நூலாக வெளியிட்டார். வெளிச்சுவர் கறுத்திருந்த கட்டடங்களின் உள்ளே துப்புரவாகப் பேணப்பட்ட வீடுகள் இருந்தன என்பதும், குறைந்த வாடகை வட்டாரம் வேறு, சேரி வேறு என்பதும் அவர் காட்டிய உண்மைகள். இவ்வேறுபாட்டை அறியச் சமூகவியற் பட்டம் வேண்டியதில்லை. ஏழை உறவினர் வீட்டுக்கு ஒருமுறை போய் ஒரு தேநீர் அருந்தி வந்தாலே போதும். திட்டம் வரைந்தவர்களோ வீதியில் நின்று சுவரைப் பார்த்தனரேயன்றி, கதவைத் தட்டி உள்ளே சென்று அடுப்படியைப் பார்த்திலர்.

ஏறக்குறைய 2,700 குடும்பங்கள் வெளியேறின. பிறிதோரிடத்தில் தகுந்த வீடு கிடைக்கச் செய்ய வேண்டுமென்று சட்டம் கூறியது உண்மையே. ஆயின், இடம் மாறும் செலவுக்கென 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு அனுமதித்த உச்சத்தொகை 100 டொலர். காலி செய்த நிலத்தில் எழுந்தவை உயர்ந்த வாடகையுடைய மாடிக் கட்டடங்கள். முன்னர் அங்கிருந்தோரில் மிகப் பெரும்பாலார்க்கு அவ்வாடகை எட்டாக்கனி. நெடுஞ்சாலையில் நெரிசற்பட்டுச் செல்வோர் பார்க்கும்படி அங்கே ஒரு விளம்பரப் பலகை நிறுத்தப்பட்டது. “நீங்கள் இங்கு வசித்திருந்தால் இந்நேரம் வீடு சேர்ந்திருப்பீர்கள்” என்பது அதன் வாசகம். அங்கு வசித்திருந்து அகற்றப்பட்டவர் அதனை வாசித்தபோது என்ன நினைத்திருப்பார்!

பின்னர் மார்க் ஃபிரீட் என்ற உளவியலாளர் அம்மக்களை ஆராய்ந்து 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். உற்றார் இறந்தபோது வரும் துயரத்தை ஒத்த துயரம், வீடிழந்த பலரிடம் நெடுநாள் நீடித்ததை அவர் கண்டார். வீடு என்பது கல்லும் மரமும் மட்டுமன்று. அயலவர், கடைக்காரர், வழிபடும் கோயில், பிள்ளைகள் விளையாடும் ஒழுங்கை யாவும் சேர்ந்ததே வீடு. நட்டக் கணக்கை 30 இலட்சம், 9 இலட்சமென்று எழுதியவர் ஏட்டில் இவற்றுக்கு ஒரு நிரல் இருக்கவில்லை. 2015இல் பொஸ்டன் மீளபிவிருத்தி அதிகாரசபை வெஸ்ட் எண்ட் மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. இடித்து ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சென்றபின் வந்த மன்னிப்பு அது.

இனி மற்றக் கதைக்கு வருவோம். நியூயோர்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், ஹட்சன் வீதி 555ஆம் இலக்க வீட்டில், ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் எழுத்தாளர் கணவரோடும் மக்கள் மூவரோடும் வசித்து வந்தார். 1961 பெப்ரவரியில் ஒருநாட் காலைப் பத்திரிகையில் தம் வீதியின் பெயரையே கண்டார். அவ்வட்டாரத்தின் 14 வீதித் தொகுதிகளைப் புதுப்பிப்பதற்கு உரியனவா என ஆராய, மாநகர நிர்வாகம் சமஷ்டி நிதியை நாடுகின்றதென்பதே செய்தி. “இது வெறும் ஆராய்ச்சிதான்” என்றனர் அதிகாரிகள். ஜேக்கப்ஸோ நகரத் திட்டங்கள் பற்றி அப்பொழுதுதான் ஒரு நூல் எழுதி முடித்திருந்தவர். ஆராய்ச்சி என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது எதுவென்பது அவருக்குத் தெரியும். சில நாட்களுக்குள் அயலவர் ஒன்றுகூடி ஒரு குழு அமைத்தனர்.

அவர்கள் கேட்டது நல்ல திட்டமன்று, திருத்திய திட்டமுமன்று. “விண்ணப்பத்தை விட்டுவிடுங்கள், எங்கள் வட்டாரத்தைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்” என்பதொன்றே அவர்தம் கோரிக்கை. ஈண்டு ஒரு சுவையான செய்தி உண்டு. இத்தகைய திட்டங்களில் ஊர்மக்களின் பங்கேற்பு இருக்க வேண்டுமென்பது சமஷ்டி விதி. மக்களுக்குக் காப்பாக அமைந்த விதிதான். ஆயின், ‘எங்களுக்கு ஒரு பூங்கா வேண்டும்’ என்று ஒருவர் வாய் திறந்தாலும், மக்கள் பங்கேற்றுவிட்டனர் என்று ஏட்டிற் பதிந்துவிடலாம். ஆகவே எதையும் வேண்டுமென்று கேளாதீர்கள் என்று, அத்துறை அறிந்த சமஷ்டி அதிகாரி ஒருவரே அவர்களுக்கு அறிவுறுத்தினார். அவர்களும் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லையன்றி வேறு சொல் பேசாது ஏறக்குறைய ஓராண்டு உறுதியாக நின்றனர். நாவடக்கம் எத்துணை அரிய பேராற்றல்!

1961 ஒக்டோபரில் நகரத் திட்டமிடல் ஆணைக்குழு அவ்விடத்தைச் சீர்கெட்ட பகுதியெனவே தீர்மானித்தது. கூட்ட மண்டபத்தில் பெரும் அமளி மூண்டது. ஆயினும் எதிர்ப்புத் தணியவில்லை. தேர்தற் காலத்தில் மேயர் வாக்னரும் திட்டத்தைக் கைவிடும்படி கூறியிருந்தார். 1962 ஜனவரி 31ஆம் நாள் ஆணைக்குழு தன் தீர்மானத்தைத் தானே நீக்கிக்கொண்டது. ஹட்சன் வீதி பிழைத்தது.

இவர்கள் முன்னேற்றத்தின் பகைவர்களா? அன்று. அபாயம் நீங்கியதும் தாமே ஒரு திட்டம் வரைந்து 1963இல் வெளியிட்டனர். வெறுமையாய்க் கிடந்த நிலங்களில் மட்டும் ஐந்து மாடி வீடுகள் கட்டுவது; மனிதர் ஒருவரல்ல, ஒரு சிட்டுக்குருவிகூட இடம்பெயரக் கூடாது என்பது அவர்களது கொள்கை. அரசாங்க உதவி பெற்ற வீடமைப்பாகவே அதுவும் அமைந்தது. தாமதங்களாற் செலவு பெருகி, அழகு சில குறைந்தபோதிலும், எழுபதுகளின் நடுவில் 420 வீடுகள் எழுந்தன. எனவே அவர்கள் மறுத்தது அரசாங்கப் பணத்தையன்று. அப்பணத்தோடு ஒட்டிவந்த நிபந்தனையையே.

இக்கதையின் மறுபுறத்தையும் கூறாவிடின் நாம் நேர்மை தவறியவராவோம். காப்பாற்றப்பட்ட அவ்வட்டாரம் பிற்காலத்தில் நியூயோர்க்கின் மிக விலையுயர்ந்த குடியிருப்புகளுள் ஒன்றாகிவிட்டது. துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த வீடுகளில் இன்று செல்வர் வாழ்கின்றனர். இடிப்பதைத் தடுத்தது மட்டும் ஏழையின் வாடகையைக் காக்கவில்லை. வேண்டாமென்று சொல்லத் தெரிந்தால் மாத்திரம் போதாது. வேண்டியதைச் செய்யவும் சபைக்குத் தெரிய வேண்டும்.

1974இல் அமெரிக்காவில் அந்தப் பழைய முறை கைவிடப்பட்டது. அவ்வாண்டில் வந்த புதிய சட்டத்தின் வழியாக நகரங்களுக்கு மொத்த மானியங்கள் வழங்கப்பட்டன. பணத்தை எதற்குச் செலவிடுவதென்பதில் நகரங்களுக்குக் கூடிய உரிமை கிடைத்தது. வருவாய் குறைந்தோரின் நன்மைக்கு முதன்மை அளிக்க வேண்டுமென்பதும், மக்களைக் கூட்டி அவர் கருத்தைக் கேட்க வேண்டுமென்பதும் நிபந்தனைகளாயின. பல்லைப் பிடித்துப் பார்த்தவர்களும், பாராது கெட்டவர்களும் சேர்ந்து கற்பித்த பாடம் அது எனலாம்.

ஆகவே, நிதி கேட்டு விண்ணப்பிக்கலாமா என்று ஒரு சபை கூடும்போது, ‘எவ்வளவு கிடைக்கும்?’ என்பது முதற் கேள்வியாதல் தகாது. எவருடைய வீடு அசையும், அவர் எந்த வீட்டுக்கு எந்த வாடகையிற் போவார், விண்ணப்பித்தோமென்ற செய்தி பரவிய மறுநாள் அவ்வீதியில் எவர் தம் கூரையைத் திருத்துவார் என்ற மூன்றுமே முற்பட வேண்டியவை. இவற்றுக்கு விடையிருப்பின் தாராளமாகக் கேட்கலாம், கேட்பது கடமையுமாகும். விடையில்லையேல், கேட்பதே ஒரு செயல் என்பதைச் சபையினர் நினைவிற் கொள்ளல் வேண்டும். வெஸ்ட் எண்டில் முதற் சுவர் இடிவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே வீடுகள் விழத் தொடங்கிவிட்டன.

தானங் கொடுத்த மாடேயாயினும், அதனைக் கட்டப்போவது பிறர் வீட்டு முற்றத்திலாயின், பல்லைப் பார்ப்பது குற்றமன்று. பாராமல் விடுவதே குற்றம்.