ஒரே கடிகாரம், இரண்டு அந்தி



கார்த்திகை மாதத்தில் மாலை ஐந்தேகால் மணிக்குக் கராச்சர்மா கடைத்தெருவில் நின்று பாருங்கள். இருட்டிவிட்டிருக்கும். சாலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போன நம் பெண்கள், சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நடந்து வருவார்கள். லாரி விளக்குதான் அவர்களுக்கு வழித்துணை. அந்த நேரம் பார்த்து இராமநாதபுரத்திலிருந்து போனில் கூப்பிடும் தாய், "இங்க வெயிலே தாழலையே, அதுக்குள்ள அங்க விளக்கு வச்சாச்சா?" என்று கேட்கிறாள்.

இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒன்றுதான். சூரியன்தான் வேறு. இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். இராமநாதபுரம் அதற்கு மேற்கே 79 பாகைக்கு அருகில். நாமோ கிழக்கே 92¾ பாகைக்கு அருகில். வித்தியாசம் ஏறத்தாழ 55 நிமிடம்! நமக்கு வடக்கே கோகோ தீவு இருக்கிறது. அது மியான்மருடையது என்பதால் அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி முன்னால் ஓடுகிறது. கடல் ஒன்று, காற்று ஒன்று, மணி மட்டும் வேறு.

ரயிலே ஓடாத தீவில் ரயில்வே குமாஸ்தாவுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேலி பேசலாம். நாட்டுக்கு ஒரே நேரம் வந்ததில் ரயிலுக்குப் பெரும் பங்குண்டு, ஐயா! ஒரு காலத்தில் ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. ஊர்கள் தத்தம் நேரத்தில் விழித்தன. 1906இல் இந்திய நேரம் வந்த பிறகும் கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தம் பழைய நேரத்தை விடவில்லை. அந்தக் குழப்பம் மீண்டும் வர வேண்டும் என்று கால அட்டவணையோடு வாழ்கிற எவனும் விரும்பமாட்டான்.

2018இல் டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள், வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமான் நிகோபாருக்கும் ஒரு மணி முன்னதான தனி நேரம் தரலாம் என்று எழுதினார்கள். எல்லையில் ரயில் மோதுமே என்ற அச்சத்தையும் ஆராய்ந்து, இரண்டே நிலையங்களில்தான் நேரம் மாற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். நம்மிடம் மோத ரயிலும் இல்லை! ஆயினும் யோசனை காகிதத்தோடு நின்றது.

டெல்லி கடிகாரத்தைத் திருப்பும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டுமா? அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் வெகுகாலமாகவே 'தோட்ட நேரம்' ஒரு மணி முன்னதாக ஓடுகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தைப் புரட்டினால், 3ஆம் பிரிவிலேயே, இந்திய நேரம் வழக்கில் இல்லாத பகுதிக்கு உள்ளூர் நேரத்தை வரையறுக்க அரசுக்கு இடம் தந்திருந்தது தெரியும். ஆகவே, சூரியனைப் பார்த்து வேலை நேரம் வைப்பது இந்த நாட்டுக்குப் புதிதன்று.

ஆனி மாதத்தில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் பொழுது விடிந்துவிடுகிறது. எட்டு மணிக்கு மண்வெட்டியைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? குளிர்ந்த மூன்று மணி நேரம் வீணாகிறது. உச்சி வெயில் தலையில் இறங்குகிறது. கடைசி அரை மணி மழைக்கால இருட்டில் முடிகிறது. விளக்கெரிக்க வேண்டிய மின்சாரத்தில் பெரும்பங்கு, கப்பலில் வரும் டீசலை எரித்து எடுப்பது. காலை ஆறரைக்குத் தொடங்கி, ஒரு மணி நேர இடைவேளை விட்டு, மூன்றரைக்கு வேலையை முடித்தால் எட்டு மணி நேரமும் குறையாது, எவருக்கும் நஷ்டமுமில்லை.

சிக்கல் ஒன்று உண்டு; அதை மறைக்கக் கூடாது. சென்ற கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து, "ஆறரைக்கு வேலைன்னா நாலரைக்கு உலை வைக்கணும். பள்ளிக்கூடம் திறக்கிறவரைக்கும் பிள்ளைய யாருகிட்ட விடுறது அண்ணே?" என்று கேட்டார். மேடையிலிருந்த எங்கள் யாருக்கும் பதில் வரவில்லை. வேலைக்களத்தின் நேரம் மாறினால் அங்கன்வாடி நேரமும் சேர்ந்து மாற வேண்டும். அந்தச் சகோதரியின் கேள்வி நம் மனுவில் முதல் கோரிக்கையாக ஏறும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் தோழர்கள், தங்கள் வேலைக்களம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, வீடு சேர எவ்வளவு நேரமாகிறது என்பதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் போதும். எழுதிக்கொள்ள நாம் இருக்கிறோம்.