இலேசான துப்பாக்கியும் இறங்காத பாரமும்

“பெண்ணின் கையில் ஒரு சிறு துப்பாக்கி இருந்தால் எவன் அவளைத் தீண்டுவான்?” இக்கேள்வியைத் தஞ்சோங் ரம்புத்தான் தேநீர்க் கடைகளிலும், ஈப்போ நகரத்துத் திருமண மண்டபங்களிலும், தோட்டத்து வாலிபர் கூடும் பந்துத் திடல்களிலும் இன்று கேட்கலாம். வழிப்பறிச் செய்தி ஒன்று, வீடு புகுந்த கொள்ளைச் செய்தி ஒன்று வந்தால் போதும், இப்பேச்சு எழுந்துவிடுகின்றது. துப்பாக்கி கனமானது, பெண்ணால் தூக்க இயலாதது என்றிருந்த பழைய தடையும் நீங்கிவிட்டதாம். அலுமினியக் கலவையாலும், டைட்டானியத்தாலும், ஒருவகைப் பிளாஸ்டிக்காலும் உள்ளங்கையில் அடங்கும் ரிவால்வர்கள் வந்துவிட்டனவாம். ஆகவே உரிமம் தாருங்கள், வீட்டிற்கொன்று வாங்கிக்கொள்கின்றோம் என்பது அவர்தம் வாதம்.

இங்ஙனம் பேசுவோர் தீய எண்ணத்தால் பேசவில்லை. மகளையும் தங்கையையும் நினைந்து நடுங்கிப் பேசுகின்றனர். அந்நடுக்கத்தை யாம் மதிக்கின்றோம்; அவர் காட்டும் மருந்தை மறுக்கின்றோம்.

இம்மருந்தை ஓர் அரசாங்கமே கடைக்குக் கொண்டுவந்த கதை உண்டு. 2012 டிசம்பர் 16 இரவு டில்லிப் பேருந்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை உலகத்தையே உலுக்கிற்று. 13 நாளில் அவர் உயிர் நீத்தார். அச்சமற்றவள் என்னும் பொருளில் ‘நிர்பயா’ என்று பத்திரிகைகள் அவருக்குப் பெயரிட்டன. 2014 ஜனவரியில், கான்பூரிலுள்ள இந்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலை அப்பெயரின் சாயலில் ‘நிர்பீக்’ என்றொரு ரிவால்வரை வெளியிட்டது. டைட்டானியக் கலவையால் ஆனது. எடை 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். பெண்களுக்கான இந்தியாவின் முதல் துப்பாக்கி என்று முரசறைந்தனர்.

இனி, இலேசு இலேசு என்று புகழப்படும் அப்பொருளையே ஆராய்வோம். தோட்டாவின் வேகமும் வெடிமருந்தின் வலிமையும் மாறவில்லை. துப்பாக்கியின் எடை மட்டும் பாதியாயிற்று. அப்போது என்ன நிகழும்? குண்டு முன்னே பாயுமளவுக்குத் துப்பாக்கி பின்னே உதைக்கும் என்பது இயற்கை விதி. ஒரே தோட்டாவைச் சுடும் இரண்டு துப்பாக்கிகளில், பாதி எடையுள்ளது இரு மடங்கு ஆற்றலோடு கையை உதைக்கும். உலோகத்திலிருந்து கழித்த பாரத்தை மணிக்கட்டு சுமக்கின்றது. மெல்லிய கைக்கு ஏற்றது என்று விற்கப்படும் கருவி, மெல்லிய கையையே அதிகம் வருத்துகின்றது. வருத்தும் கருவியைக்கொண்டு எவர் சுட்டுப் பழகுவர்? பழகாத கை இருளிலும் பதற்றத்திலும் எதைக் குறி வைக்கும்?

புது உலோகங்களும் குறையற்றவை அல்ல. 1950களில் அமெரிக்க விமானப் படைக்கென்று, தோட்டா நிரப்பும் சுழல் உருளையையும் அலுமினியத்தாலேயே செய்து பார்த்தனர். அவ்வுருளைகள் அழுத்தம் தாங்காமல் வெடித்தமையால், துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்று அழித்தனர். இந்நாளில் 340 கிராம் அளவிலேயே ரிவால்வர் செய்கின்றனர். அவற்றுள் சிலவற்றின் குழாய்மீதே, இன்ன எடைக்குக் குறைந்த குண்டை இடாதே என்னும் எச்சரிக்கை பொறிக்கப்பட்டுள்ளது. உதையின் வேகத்தில், சுடப்படாத தோட்டாக்களின் குண்டு சிறிது சிறிதாக முன்னே நழுவி, உருளை சுழலாமல் சிக்கிக்கொள்வதும் உண்டு. ஆபத்து வேளையில் கைகொடுக்கும் என்று நம்பியிருந்த தோழன் இவனே!

கருவி குறையற்றதென்றே வைத்துக்கொள்வோம். யாரை நோக்கிச் சுடுவது? பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றவாளி அப்பெண்ணுக்குத் தெரிந்தவனே என்று இந்திய அரசின் குற்றப் பதிவேடுகள் ஆண்டுதோறும் கூறிவருகின்றன. உறவினன், அண்டை வீட்டான், காதலன் என்று சொன்னவன், வேலை கொடுத்தவன்! மாமன் என்று அழைத்து உணவு பரிமாறியவன்மீது, கைப்பையைத் திறந்து துப்பாக்கியை நீட்ட எந்தப் பெண்ணை நாம் வளர்த்திருக்கின்றோம்? உரக்கப் பேசினாலே அடக்கமில்லாதவள் என்கின்றோம். நடந்ததைச் சொன்னால் குடும்ப மானம் போயிற்று என்று அவள் வாயைப் பொத்துகின்றோம். வாய் திறக்க உரிமை கொடாத சமூகம் கையில் துப்பாக்கி கொடுக்க முன்வருவது என்னே விந்தை!

நிர்பீக்கை நகைப்பெட்டி போன்றதொரு பெட்டியில் வைத்து விற்றனர். இந்தியப் பெண்கள் நகை விரும்புவர் என்று அதற்கு விளக்கமும் தந்தனர். நகை என்னும் பெயரால் பெண்ணுக்கு விலங்கு பூட்டிய அதே ஆணுலகம், இப்போது அப்பெட்டியிலேயே அவளது காவலையும் வைத்து நீட்டுகின்றது. துப்பாக்கியால் கணவரை இழந்த பெண்களுக்காக மணிப்பூரில் உழைத்துவந்த பினாலட்சுமி நேப்ரம், இத்துப்பாக்கி அதிகாரிகள் தம் தோல்வியைத் தாமே ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்று கண்டித்தார். குண்டடியின் பயனை அறிந்தவர் சொல் அது.

விலையையும் நோக்குக. அந்நாளைய மதிப்பில் அஃது ஆறாயிரம் வெள்ளிக்கு மேல். அவ்வாண்டில் தீபகற்ப மலேசியாவில் சட்டம் வகுத்த குறைந்தபட்ச மாதக் கூலி 900 வெள்ளி. ஆறு மாதக் கூலிக்கு மேல் கொடுத்து வாங்கவேண்டிய காவல் எவருக்கு? இரவில் ஆலை வேலை முடிந்து, விளக்கில்லாச் சாலையில் நடந்து வருபவளுக்கா, காவலாளி நிற்கும் மாளிகையில் வாழ்பவளுக்கா?

ஏழைத் தமிழன் கைக்கு ரிவால்வர் வந்தபோது சட்டம் என்ன செய்தது என்பதை இம்மண் அறியும். இவ்வூருக்கு அண்மையிலுள்ள சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16ஆம் நாள் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுடப்பட்டு இறந்தனர். உடனே அவசரகாலம் பிறந்தது. ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு என்னும் விதியும் பிறந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ஒரு ரிவால்வர் வைத்திருந்தார் என்ற குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துரைமார் துப்பாக்கியோடு தோட்டத்தைச் சுற்றி வந்தனர்; தொழிலாளரையோ முள்வேலிக்குள் அடைத்தனர். துப்பாக்கி ஒன்றே, சட்டம் கண்ட கைகள் இரண்டு. இன்றும் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்கு 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. சினிமா நாயகனின் இடுப்பைப் பார்த்து மயங்கி, கூட்டத்தோடு சேர்ந்து கள்ளத் துப்பாக்கிக்கு அலையும் நம் வாலிபன் இதை ஒரு கணம் எண்ணட்டும்.

இறுதியாக, வீட்டிற்குள் வந்த துப்பாக்கி யாரைக் கொல்கின்றது? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2 கோடியே 60 இலட்சம் பேருக்கு மேற்பட்டோரின் பதிவுகளை 12 ஆண்டு வரை தொடர்ந்து ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவு இது. கைத்துப்பாக்கி உடைய பெண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வீதம், அஃது இல்லாத பெண்களின் வீதத்தைப்போல் ஏறத்தாழ 35 மடங்கு. ஆடவரில் 8 மடங்கு. திருடனுக்கென்று வாங்கிய குண்டு, மனம் சோர்ந்த ஓரிரவில் வாங்கியவரையே தேடி வருகின்றது.

தஞ்சோங் ரம்புத்தான் மக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுமோ? 1911 முதல் இவ்வூரில் மனநோய் மருத்துவமனை நிற்கின்றது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. அச்சத்தாலும் துயராலும் நிலை குலைந்த மனத்தைப் பரிவோடு தேற்றலாம் என்பதற்கு நூறாண்டு கடந்த சான்று அது. நாடெங்கும் மூடர்கள் இவ்வூர்ப் பெயரை ஏசும் சொல்லாக்கினர். ஆனால் அச்சம் பிடித்தவனை மருத்துவரிடம் அனுப்புவது பைத்தியமா, அவன் கையில் துப்பாக்கி கொடுப்பது பைத்தியமா?

தோழர்களே! கேட்கவேண்டியவற்றைக் கேளுங்கள். தோட்டத்துச் சாலைக்கு விளக்குக் கேளுங்கள். இரவு வேலைக்குச் செல்லும் பெண்களுக்குப் பேருந்து கேளுங்கள். இழிசொல் இன்றிப் புகாரைப் பதியும் போலீஸ் நிலையம் கேளுங்கள். 1994இல் குடும்ப வன்முறைச் சட்டமும், 2022இல் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டமும் இந்நாட்டில் இயற்றப்பட்டன. அவற்றைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு சங்கத்திலும் படிப்பகத்திலும் ஒட்டுங்கள். ஆயுத பூசையன்று இரும்புக்குப் பொட்டு வைக்கும் நேரத்தில், பெண் உம் உடைமை அல்லள் என்று உம் ஆண் மக்களுக்கு அரை மணி நேரம் எடுத்துச் சொல்லுங்கள். இதற்கு உரிமமும் வேண்டா, டைட்டானியமும் வேண்டா. நம் பெண்கள் வெறுங்கையோடு வீடு திரும்பும் ஊரைச் செய்வதே ஆண்மை.