வாங்குவோர் மொழி தமிழ்!

'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என ஆங்கிலப் பெயராலேயே வழங்கும் எண்ணிம வணிகப் பரப்பல், இன்று தமிழகக் கல்லூரி மாணவர் பலர் நாடும் தொழிலாகிவிட்டது. மாலை வகுப்பு, தனிப் பயிற்சியகம், கூகுள் கட்டணமின்றித் தரும் விளம்பரச் சான்றிதழ் என அவர்தம் உழைப்பு பெரிது. குறை உழைப்பில் இல்லை. பயிலும் மொழியில் உள்ளது.

இத்தொழிலின் உயிர்நிலை தேடுசொல். வாங்க விரும்புவோன் எச்சொல்லை இட்டுத் தேடுவான் என்று அறிந்தவனே விளம்பரத்தை அவன் கண்முன் நிறுத்துவான். அவ்விடம் ஏலத்தில் விடப்படுகின்றது. பலர் கேட்கும் சொல்லுக்கு விலை ஏறும். சிலரே கேட்கும் சொல் மலிவாகும். ஆழ்துளைக் கிணறு வெட்ட ஆள் தேடும் உழவன் தமிழில் தேடுகின்றான். மாணவனோ ஆங்கிலச் சொற்பட்டியலை உருப்போட்டு நிற்கின்றான்.

தமிழ் 99 விசைப்பலகையை அரசு 1999-இலேயே ஏற்றது. தமிழ்ப் பக்கங்களில் விளம்பரம் இடக் கூகுள் 2018-இல் வழிதிறந்தது. கருவி உண்டு, களம் உண்டு, கற்பிப்பார்தாம் அரியர். தமிழைத் தமிழெழுத்தில் தட்டச்சிடத் தெரியாத பட்டந்தாங்கிகள் பெருகிவிட்டனர். எனவே ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஆக்கிய விளம்பரங்களின் பொருந்தாப் பெயர்ப்புகளே தமிழர் கண்முன் வந்து விழுகின்றன.

கருவியை ஆள ஆங்கிலம் வேண்டுமெனில் கற்கட்டும். வாங்குவோன் உள்ளத்தைத் தொடத் தமிழே வேண்டும். தமிழ்த் தட்டச்சு, தமிழ்த் தேடுசொல் ஆய்வு, பிழையற்ற விளம்பர நடை ஆகிய மூன்றையும் கல்லூரிகள் இப்பயிற்சியில் கட்டாயமாக்க வேண்டும். கூகுள் சான்றிதழ் ஓராண்டே செல்லும். தமிழறிவோ வாழ்நாள் முழுதும் செல்லும்!