பட்டா எங்கே என்று கேட்கும் திட்டங்கள்

வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள் தோழர்களே. கரும்பு நிலுவை, ஏரி மதகு, காட்டுப்பன்றி, கூட்டுறவுக் கடன் என்று பேசுவார்கள். நியாயமான கோரிக்கைகள்தான். பேசுபவர்களில் காலனியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் நம் மக்கள். நாற்று நடுவதும் களை எடுப்பதும் கரும்பு வெட்டுவதும் அவர்கள்தான். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் 'விவசாயி' என்றால் வேறு யாரோ.

ஏன் என்று கேட்டால் ரெடிமேடாக ஒரு பதில் வருகிறது: "திட்டங்கள் நிறைய இருக்கு, உங்க ஆளுங்களுக்குத்தான் விழிப்புணர்வு இல்லை." இந்த விழிப்புணர்வுப் பேச்சு ஒரு மோசடி என்கிறோம். உழவன் செயலி நம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. திட்டத்தின் பெயர் தெரியும், மானியம் எவ்வளவு என்றும் தெரியும். சிட்டா இல்லை என்பதுதான் சிக்கல்.

2019-ல் வந்த பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய். தன் பெயரில் சாகுபடி நிலம் உள்ளவருக்கு மட்டும். அதே நிலத்தை வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுபவருக்கு ஒரு தவணைகூடக் கிடையாது. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம். அதுவும் நிலம் இருந்தால்தான். ஏரி வண்டல் மண்ணை இலவசமாக எடுக்கலாம் என்றார்கள், நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. அதையும் நிலக் கணக்கைப் பார்த்துத்தான் அளக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நீர்க்கட்டியாக நின்று மதகு திறந்து, கரை காத்து அந்த ஏரியை உயிரோடு வைத்திருந்தவர்கள் யார்? மண்ணின் உயிரைக் காக்கவும் இப்போது தனித் திட்டம் இருக்கிறது. மண்ணில் கை வைத்தவர் உயிருக்குத்தான் பட்டியலில் இடமில்லை.

நமக்கென்றே இருப்பவற்றையும் பார்ப்போம். வேளாண் கருவிகளுக்கு ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதலாக 20 சதவீத மானியம் உண்டு. அரை ஏக்கர் வைத்திருக்கும் தோழர்கள் அவசியம் விண்ணப்பியுங்கள். தாட்கோவின் நன்னிலம் திட்டம் இன்னும் முக்கியமானது. நிலமற்ற விவசாயத் தொழிலாளிப் பெண் நிலம் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் மானியம். ஆனால் விற்பவர் ஆதிதிராவிடர் அல்லாதவராக இருக்க வேண்டும். நிலம் ஊரிலிருந்து சேரிக்கு வரவேண்டும் என்ற நோக்கம் சரிதான், நாங்கள் அதை எதிர்க்கவில்லை. ஆனால் இதே மாவட்டத்துத் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று அம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் காலெடுத்து வைக்கவே போலீஸ் பாதுகாப்பு தேவைப்பட்டது. சாமி கும்பிட விடாதவர்கள் கிரயம் எழுதித் தருவார்களா? விற்பவரைத் தேடும் வேலையை அரசு அந்தக் கூலிப் பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறது.

மானியமே கேட்காமல் நமக்கு வரவேண்டிய நிலம் ஒன்று உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-ல் அறிக்கை எழுதினார். 1892-ல் ஆணை வந்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தவையே பஞ்சமி நிலங்கள். மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது; ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். அந்த நிலத்தைத் திருப்பித் தராத அரசு, பவர் டில்லருக்கு மானியம் தருவதைச் சமூகநீதி என்கிறது.

மாணவத் தோழர்கள் உடனே செய்யக்கூடியது இது. உங்கள் வருவாய் கிராமத்தின் 'அ' பதிவேட்டை, 1980-களின் யு.டி.ஆருக்கு முந்தையதையும் பிந்தையதையும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பழைய பதிவேட்டில் 'டி.சி.' என்றிருக்கும் சர்வே எண்கள் புதியதில் யார் பெயரில் இருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். குத்தகைக்கு உழுகிற குடும்பமாக இருந்தால் 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி தாசில்தாரிடம் மனு கொடுங்கள். "பதிவேடு சிதிலமடைந்துவிட்டது" என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.