கப்பல் பெருமையும் கப்பல் படமும்

சோழர் கடற்படை பற்றி வாட்ஸப்பில் ஃபார்வர்ட் அனுப்பும் மாமாவிடமோ, புலிக்கொடி பறக்க ரீல் போடும் தம்பியிடமோ ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். "ஒரு சோழக் கப்பல் வரைஞ்சு காட்டு" என்று கேளுங்கள். என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்று பாய்மரம், பக்கவாட்டில் பீரங்கி வைக்கிற மாதிரி வரிசையாகச் சன்னல்கள், பின்பக்கம் மாடி வீடு போல உயர்ந்த அறை. அதாவது பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்க்கப்பல். அதன் உச்சியில் ஒரு புலிக்கொடி.

1025இல் ராஜேந்திரன் கடாரத்துக்குப் படை அனுப்பியதை அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது. பல கலங்கள் போயின என்கிறது. அந்தக் கலம் எவ்வளவு நீளம், எத்தனை பாய்மரம், ஆணி அடித்ததா கயிற்றால் தைத்ததா என்பதெல்லாம் அதில் இல்லை. சரி, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கப்பல். அதை வரையத் தெரியாதது யாருடைய குற்றமும் இல்லை. நம் தாத்தா காலத்தில் கரையில் நின்ற கப்பலையும் நமக்கு வரையத் தெரியாது. என் புகார் அது.

புகார் சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் கூரத்தில் உட்கார்ந்து கப்பல் கட்டுகிறவன். காஞ்சிபுரத்துப் பக்கத்துக் கூரம்தான். ஏரி உண்டு, கடல் கிடையாது. நான் கட்டுவது மாதிரிக் கப்பல். பெட்டியில் வரும் கிட்டை வாங்கி, ஒட்டி, இழைத்து, நூல் கட்டி மேஜை மேல் வைக்கிற கப்பல். "இந்த வயசுல பொம்மை செய்றியாப்பா?" என்று தெருவில் கேட்பார்கள். கேட்கட்டும். பொம்மைதான். ஆனால் கப்பல் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் பொம்மை. எந்த வரலாற்றுப் புத்தகமும் இந்த அளவுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை.

பெட்டியைத் திறந்தால் முதலில் கையில் வருவது ஏராவும் வங்குகளும். ஏரா என்பது கப்பலின் அடிமரம், அதாவது முதுகெலும்பு. வங்கு என்பது அதிலிருந்து இரண்டு பக்கமும் எழுகிற விலா. கிட்டில் இவை ப்ளைவுட்டில் வெட்டி, எண் போட்டு வரும். மூன்றாம் எண் வங்கை மூன்றாம் பள்ளத்தில் சொருகினால் போதும். அடுத்து மேல்பலகை. நாலைந்து மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லிய மரப்பட்டைகள். தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, ஃபெவிகால் தடவி, துணி கிளிப்பால் கவ்வி வைக்க வேண்டும். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கும். கப்பலின் வயிறு அகலம். அணியம், அதாவது முன்முனை, குறுகல். ஒரே அகலப் பட்டையை வயிற்றிலிருந்து முனைவரை கொண்டுபோனால் முன்னால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒவ்வொரு பட்டையையும் முனைக்குப் போகப் போகச் சீவி ஒடுக்க வேண்டும். எவ்வளவு சீவுவது என்பது வளைவைப் பொறுத்தது. பெரிய கப்பலாக இருந்தால் பலகை முடிந்து உப்புத்தாள் போட்டு, பாய்மரம் நட்டு, கயிற்றேணிகளில் நூற்றுக்கணக்கான முடிச்சுப் போட்டு முடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

இத்தனை பாடு பட்டாலும் ஒரு விஷயத்தை மட்டும் நாம் செய்திருக்க மாட்டோம். கப்பலின் வளைவை நாம் தீர்மானித்திருக்க மாட்டோம். வங்குகள் வெட்டி வந்தபோதே அது முடிவாகிவிட்டது. கப்பல் எவ்வளவு சரக்கு தாங்கும், எவ்வளவு வேகம் போகும், அலையில் எப்படிச் சாயும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த வளைவில் இருக்கிறது. கிட் விற்கிற கம்பெனி நமக்கு விற்பது மரத்தை என்று நினைக்கிறோம். மரம் அதில் அற்ப விலை. விற்பனைக்கு வருவது ஒரு வரைபடம். யாரோ, எப்போதோ, அளந்து வரைந்து பத்திரமாக வைத்த வரைபடம்.

யார் வரைந்தார்களோ அவர்களுடைய கப்பல்தான் உலகம் முழுக்க மேஜைகளில் நிற்கிறது. பிரிட்டனின் விக்டரி 1765இல் நீரில் இறங்கியது, 1805இல் டிராஃபல்கரில் சண்டை போட்டது. அதற்கு எத்தனையோ கம்பெனியின் கிட் உண்டு. பவுண்டி என்ற கப்பலுக்கும் உண்டு. கரீபியத் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட, டஹீட்டியிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளை ஏற்றிவரப் போன கப்பல் அது. வழியில் கலகம் நடந்ததால் காவியமாகிவிட்டது. அரபுத் தோவுக்குக் கிட் உண்டு. சீன ஜங்குக்கு உண்டு. தமிழ்க் கரையில் கட்டிய ஒரு கலத்துக்கு எந்தப் பெரிய கம்பெனிப் பட்டியலிலும் நான் கிட் பார்த்ததில்லை. இணையத்தில் 'விஓசி கப்பல் மாடல்' என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். வந்து நிற்பது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அவர்கள் கம்பெனியின் சுருக்கப் பெயரும் அதே மூன்றெழுத்துதான். 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த அதே கம்பெனி. இன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நம் வ.உ.சி.யின் பெயர். மாதிரிக் கப்பல் உலகத்தில் மட்டும் அந்த மூன்றெழுத்து இன்னும் டச்சுக்காரனிடமே இருக்கிறது.

வ.உ.சி. என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் காலியா, லாவோ இரண்டும் வெளிநாட்டில் வாங்கிய நீராவிக் கப்பல்கள். அது அவருடைய குறை இல்லை. ஆங்கிலேயக் கம்பெனியோடு மோத அன்றைக்கு வேறு வழி இல்லை. ஆனால் 'கப்பலோட்டிய தமிழன்' நம் வாயில் பழகிய அளவுக்குக் 'கப்பல் கட்டிய தமிழன்' பழகவே இல்லை. அப்படி ஒருவன் இல்லாமலா போனான்?

வல்வெட்டித்துறைக்குப் போவோம். யாழ்ப்பாணத்தின் வடகரை ஊர். 1930 வாக்கில் அங்கே உள்ளூர்த் தச்சர்கள் கடற்கரையிலேயே இரண்டு பாய்மரக் கப்பல் ஒன்றைக் கட்டினார்கள். பெயர் அன்னபூரணி. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்க மாலுமி அதைப் பார்த்தார். சிறிய பாய்க்கப்பலில் ஏற்கெனவே உலகைச் சுற்றி வந்த மனிதர். ஒரு கப்பலின் வளைவைப் பார்த்தே அதன் தரம் சொல்லக்கூடியவர். விலைக்கு வாங்கிக்கொண்டார். தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறைத் தண்டையலும் மாலுமிகளும் அதைச் சூயஸ் கால்வாய் வழியாக, மத்தியதரைக்கடல் தாண்டி, அட்லாண்டிக்கைக் கடந்து ஓட்டிப்போய் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கட்டினார்கள். கற்பனை இல்லை, சினிமா இல்லை. கப்பல், ஊர், வருஷம் எல்லாம் இருக்கிறது. சோழர் ரீல் போடுகிற எத்தனை பேருக்கு அன்னபூரணியைத் தெரியும்? அதை ஒன்றுக்கு ஐம்பது அளவில் கட்டி மேஜையில் வைக்க ஆசைப்படும் ஒரு பிள்ளைக்கு நாம் எந்தப் பெட்டியை நீட்டுவோம்?

"நம்ம ஆட்கள் எதையும் வரைஞ்சு வைக்கல, என்ன செய்ய?" என்று கை விரிப்பது சுலபம். வரைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மண்ட் பாரி 1830களில் இந்தக் கரையோரம் வந்தபோது மசூலாப் படகையும் கட்டுமரத்தையும் தோணியையும் அளந்து வரைந்தார். 1840களில் பெரிய நூலாகப் போட்டார். வயதான காலத்தில் பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்று, அந்த வரைபடங்களை வைத்து மாதிரிக் கப்பல்கள் செய்யவைத்தார். யோசித்துப் பாருங்கள். மசூலாவில் ஓர் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னை நார்க் கயிற்றால் தைப்பார்கள். சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில் அலையில் மோதி வளைந்து கொடுத்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது அதுதான். அதன் மாதிரியைச் செய்யலாம் என்று முதலில் நினைத்தது பாரிஸ். பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் 1920இல் இந்தியப் படகு வடிவங்கள் பற்றி நீண்ட ஆய்வு எழுதினார். 1990களில் ஷான் மெக்ரெயில் குழு பாக் நீரிணைக் கரையில் வத்தைகளை அளந்தது. அந்தக் குழு கண்டது முக்கியமானது. வத்தை கட்டும் தச்சர் காகிதத்தில் வரைவதில்லை. ஒரு பலகையில் கோடு கீறி வைத்திருப்பார். அதிலிருந்தே ஒவ்வொரு வங்கின் வளைவையும் எடுப்பார். முதலில் வங்குகளை நிறுத்திவிட்டு அப்புறம்தான் பலகை அடிப்பார்.

கவனியுங்கள், என் கிட்டும் அதே வரிசைதான். லேசர் வெட்டிக் கொடுத்த எண்கள் எதுவோ, அதுதான் தச்சரின் பலகையில் உள்ள கோடுகள். என் பெட்டிக்குள் இருக்கும் அறிவு அந்தப் பலகையில் இருக்கிறது. வித்தியாசம், பெட்டி அச்சாகிறது, பலகை தச்சர் வீட்டு விறகாகிறது.

ஏன் இப்படி ஆனது? இதற்கும் என் ஊரே சாட்சி. கூரத்துச் செப்பேடு ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. சமஸ்கிருதமும் தமிழும் கலந்தது. சாளுக்கியரோடு நடந்த போரை விரிவாகச் சொல்கிறது. பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டி ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்ததைச் சொல்கிறது. மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒதுக்கிய பங்கைக்கூடச் சொல்கிறது. இந்தப் பரமேசுவரனின் தாத்தா முதலாம் நரசிம்மவர்மன் இலங்கைக்குப் படை அனுப்பியவன். மாமல்லபுரம் அவர்களுடைய துறைமுகம். பாரதம் படித்தவருக்குச் செம்பில் இடம் உண்டு. அந்தக் கப்பல்களைச் செய்த கைகளுக்கு நான் அறிந்த எந்தப் பல்லவச் செப்பேட்டிலும் இடம் இல்லை. எழுதியவன் வேறு, உளி பிடித்தவன் வேறு என்று சாதி போட்ட கோடு அது. உளி பிடித்தவனின் அறிவு மகனுக்குப் போகும், மருமகனுக்குப் போகும், ஏட்டுக்குப் போகாது.

"கப்பல் சாத்திரம் இருக்கே" என்று ஒரு தமிழ் ஆர்வலர் எழுந்து நிற்பார். இருக்கிறது, ஐயா. சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகம் அதை 1950இல் பதிப்பித்தது. ஏராவுக்கு இத்தனை முழம் இருந்தால் நன்மை, மரத்தில் இன்ன இடத்தில் முடிச்சு இருந்தால் கேடு என்கிற ரீதியில் போகும். அளவும் சகுனமும் பின்னிக் கிடக்கும் நூல். அது அரிய சொத்து. ஆனால் அதை மட்டும் கையில் கொடுத்து ஒரு தச்சரைக் கப்பல் கட்டச் சொன்னால் அவர் சிரிப்பார். வளைவு அவர் பலகையில் இருக்கிறது.

இந்தப் பலகை எவ்வளவு நாள் இருக்கும்? 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கரை முழுக்க வந்து இறங்கியது ஃபைபர் படகு. மீனவர் அதை ஏற்றுக்கொண்டது முற்றிலும் சரி. பராமரிப்புக் குறைவு, மரத்துக்கு அலைய வேண்டாம், கலப்பற்று அடிக்க வேண்டாம். மரப்படகிலேயே போ என்று அவரிடம் சொல்ல, மேஜைக் கப்பல் கட்டுகிற எனக்கு உரிமையே இல்லை. அவர் தொழிலை அவர் மாற்றிக்கொள்ளட்டும். பழைய கலத்தை அளந்து வைக்கும் வேலை அவருடையதாக எப்போதுமே இருந்ததில்லை. அது படித்தவர்களின் வேலை. நம் வேலை. செய்யவில்லை.

"இதெல்லாம் வசதிக்காரன் பொழுதுபோக்கு ப்ரோ" என்பது இன்னொரு வாதம். இறக்குமதி கிட் பல ஆயிரம் ரூபாய், உண்மை. ஆனால் வத்தைக்கு நூறு பீரங்கியும் வேண்டாம், முப்பது பாயும் வேண்டாம். ஒரு ஷீட் மெல்லிய ப்ளைவுட், கொஞ்சம் மரப்பட்டை, ஒரு நூல்கண்டு, ஊரிலுள்ள லேசர் வெட்டும் கடை. கட்டுமரத்துக்கு அதுவும் வேண்டாம், நான்கைந்து கட்டையும் கயிறும் போதும். வாங்க ஆள் இருக்கிறதா? காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் கேட்டுப் பாருங்கள். கொலுப்படிக்குக் கிரிக்கெட் டீமே வந்துவிட்டது. கேரளத்தில் பேப்பூர் உருவின் மாதிரியைச் சுற்றுலாக்காரன் காசு கொடுத்து வாங்கிப் போகிறான். நம் தோணிக்கு மட்டும் சந்தை இல்லை என்று முடிவு கட்டியது யார்?

அரசு செய்யட்டும் என்று காத்திருப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அஜந்தா ஓவியத்தைப் பார்த்துத் தைத்த கப்பல் ஒன்றை இந்தியக் கடற்படை 2025இல் ஏற்றுக்கொண்டு கௌண்டின்யா என்று பெயர் வைத்தது. நல்லது. அதைத் தைக்க கேரளத்தில் இன்னும் கை இருந்தது. கை போய்விட்டால் கடற்படையே நினைத்தாலும் நடக்காது.

ஆகவே இதைப் படிக்கிற உங்களிடமே கேட்கிறேன். உங்களில் கடலோர ஊர்க்காரர்கள் இருப்பீர்கள். கரையில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு பழைய மரக்கலத்தைக் கண்டுபிடியுங்கள். உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். ஒரு அளவு நாடா, ஒரு தூக்குக்குண்டு, ஒரு ரசமட்டம், இரண்டு நண்பர்கள். நீளத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு குறி வைத்து, அந்த இடத்தில் அகலத்தையும் ஆழத்தையும் எழுதுங்கள். செல்போனில் சுற்றிச் சுற்றிப் படம் எடுங்கள். பக்கத்தில் கிழத்தச்சர் யாராவது இருந்தால் ஒவ்வொரு உறுப்புக்கும் அவர் சொல்லும் பெயரை அவர் வாயால் பதிவு செய்யுங்கள். அவர் பெயரை முதலில் போடுங்கள். வரைந்ததை இலவசமாக இணையத்தில் வையுங்கள். அதிலிருந்து கிட் செய்ய என்னைப் போல் ஊருக்கு ஒருத்தன் இருப்பான்.

அதுவரை விக்டரியையே கட்டுங்கள், தப்பில்லை. வளைவு என்றால் என்ன என்று அது விரலுக்குச் சொல்லிக்கொடுக்கும். ஆனால் கட்டி முடித்த கையோடு புலிக்கொடி ரீலை ஷேர் செய்வதற்கு முன்னால், ஒரு வத்தையை நேரில் போய் அளந்துவிட்டு வாருங்கள்.