கழற்றி மாட்டிய ஸ்கோப் என்ன சாட்சி சொல்லும்?

நவம்பர் 22 வந்தால் போதும், எங்கள் கடற்கரை பெஞ்சில் கென்னடி மறுபடியும் சுடப்படுவார். இந்த வருடமும் அப்படித்தான். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் நண்பர் கைப்பேசியை நீட்டினார். "பாருங்க சார், ஓஸ்வால்டோட ஸ்கோப் கோணலா இருந்துச்சாம். எஃப்.பி.ஐ.யே ஒத்துக்கிட்டானாம். அப்ப அவன் எப்படிச் சுட்டிருப்பான்?" பக்கத்தில் இருந்த வங்கிக்காரர் விடவில்லை. "நாலு மடங்கு பெரிசா காட்டுற கண்ணாடி சார். எண்பது மீட்டர்ல சின்னப் பிள்ளைகூட சுடும்."

இரண்டு பேர் சொல்வதும் தப்பு. ஐம்பது வருடமாக இரண்டு கட்சியும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. அன்று பெஞ்சில் முழுதாகப் பேச விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் துப்பாக்கி பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் கோப்பு எழுதி ஓய்வுபெற்ற குமாஸ்தா. ஆனால் என் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா, அல்ஜீரியா எல்லாம் போய்விட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கென்னடி செத்த செய்தி வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. தபால் வழியில் வாங்கிய, ஸ்கோப் மாட்டிய துப்பாக்கி என்று யாரோ படித்துச் சொன்னதும் பெரியப்பா கேட்டது ஒன்றுதான்: "ரெக்லாஜ் யார் செஞ்சது?"

ரெக்லாஜ் என்றால் ஸ்கோப்பையும் குழலையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவருவது. குழல் ஒரு பக்கம் பார்க்கிறது, அதன் மேலே திருகி வைத்த கண்ணாடி இன்னொரு பக்கம் பார்க்கிறது. இரண்டும் குறிப்பிட்ட தூரத்தில் ஒரு புள்ளியில் சந்திக்க வேண்டும். அதற்குத் துப்பாக்கியை மணல் மூட்டை மேல் வைத்து மூன்று குண்டு சுடுவார்கள். மூன்றும் கிட்டத்தில் விழுகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். சிதறி விழுந்தால் ஸ்கோப்பைத் தொடக் கூடாது. மவுண்ட் திருகு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றாக விழுந்தால் அந்தக் கூட்டத்தின் நடுவிலிருந்து குறிப்புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து, உயரத்துக்கு ஒரு திருகு, பக்கவாட்டுக்கு ஒரு திருகு என்று நகர்த்தி மறுபடி சுட வேண்டும். அவருடைய பட்டாளத்தில் மாஸ் 49 துப்பாக்கியின் இடப்பக்கம் லுனெத் மாட்டுவதற்கென்றே ஒரு தண்டு உண்டாம். ஒருவன் சரிசெய்து வைத்த லுனெத்தை இன்னொருவன் தொட்டால் அடிதடிதான் என்பார்.

மொட்டை மாடியில் எனக்குச் செய்தும் காட்டினார். ஒரு மூங்கில் குழாய் மேல் அட்டைக் குழல் ஒன்றை நூலால் கட்டினார். இரண்டு வழியாகப் பார்த்தாலும் பழைய கலங்கரை விளக்கத்தின் உச்சி தெரிகிறபடி சரி செய்தார். பிறகு அட்டைக் குழலின் பின்பக்கம் ஒரு தபால் கார்டைச் செருகினார். "இப்ப பாருடா." மூங்கில் அசையவே இல்லை, அதில் உச்சி அப்படியே தெரிந்தது. அட்டைக் குழலில் உச்சி மேலே நகர்ந்து போயிருந்தது.

கணக்கு இதுதான். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு முனை 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால், அதாவது நான் வாழ்நாளெல்லாம் புரட்டிய வெள்ளைத் தாள் ஒன்றின் தடிமன் அளவு நகர்ந்தால், நூறு மீட்டரில் பத்து சென்டிமீட்டர் விலகும். கென்னடியின் தலையில் பட்ட குண்டு போன தூரம் 265 அடி, சுமார் 81 மீட்டர். அங்கே எட்டு சென்டிமீட்டர். மனிதத் தலைக்கு அது சின்ன விலகல் இல்லை.

இனி அந்தத் துப்பாக்கிக்கு வருகிறேன். இத்தாலியப் பட்டாளத்தின் பழைய 6.5 மில்லிமீட்டர் கார்கானோ. சிகாகோவில் ஒரு தபால் வழிக் கடையில் ஸ்கோப்போடு சேர்த்து விலை 19 டாலர் 95 சென்ட். ஜப்பானில் செய்த மலிவு ஸ்கோப், குழலுக்கு நேர் மேலே இல்லாமல் இடப்பக்கம் தள்ளி மாட்டியது. எஃப்.பி.ஐ.யின் ராபர்ட் ஃப்ரேசியர் சுட்டுப் பார்த்தபோது குண்டுகள் உயரவும் வலப்பக்கமும் போயின. திருகை எவ்வளவு திருப்பியும் முழுதாகச் சரிக்கட்ட முடியவில்லை. பிறகு ராணுவத்தார் சோதித்தபோது ஸ்கோப்புக்கு அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகித்தான் குறி வைத்தார்கள். போஸ்ட்மாஸ்டரின் வீடியோ இதோடு நின்றுவிடுகிறது.

அதே ஃப்ரேசியர் வாரன் கமிஷன் முன்னால் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். துப்பாக்கி தன் கைக்கு வரும்போதே மவுண்ட் தளர்ந்திருந்தது, கைரேகை தேடுவதற்காக ஸ்கோப்பையே கழற்றியிருப்பார்கள் போலும், ஆகவே தான் கண்ட நிலைதான் சுட்ட நேரத்தில் இருந்த நிலை என்று சொல்ல முடியாது என்று. இதற்கு மேல் என்ன வேண்டும்? கழற்றினால் ரெக்லாஜ் போய்விட்டது. கோணல் முன்பே இருந்ததா, மாடிப்படியில் எங்காவது இடிபட்டு வந்ததா, கைரேகைக்காரர் ஸ்க்ரூடிரைவரில் வந்ததா, யாராலும் சொல்ல முடியாது.

எனக்குக் கோபம் வருவது சதிக் கட்சியிடம் மட்டும் இல்லை. கமிஷனின் அறிக்கையும் அந்தக் கோணலை விட்டுவைக்கவில்லை. கார் விலகிப் போய்க்கொண்டிருந்தது, ஸ்கோப் சற்று உயரே சுட்டதால் முன்தள்ளிக் குறிவைக்கும் வேலை மிச்சம், ஆகவே அந்தக் குறை அவனுக்கு உதவியாகவே இருந்திருக்கும் என்கிறது. அன்றைக்கு எப்படி இருந்தது என்றே தெரியாத ஒரு குறையை வைத்துக்கொண்டு ஒரு கட்சி அவனை விடுவிக்கிறது, இன்னொரு கட்சி அவனுக்குக் கைகொடுக்கிறது. இதற்கிடையில் ஸ்கோப் இடப்பக்கம் இருந்ததால் அதன் பக்கத்திலேயே இரும்புக் குறியும் காலியாகத்தான் இருந்தது. அவன் எதில் கண் வைத்தான் என்பதே தெரியாது.

நான் எடை அளவுப் பிரிவில் இருந்தபோது ஒரு ரேஷன் கடைத் தராசைப் பிடித்து வந்தார்கள். கிலோவுக்கு நாற்பது கிராம் குறைவு என்று அலுவலகத்தில் நிறுத்துப் பார்த்து எழுதினோம். அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான். கடைக்காரரின் வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: "கடையிலே வைத்து நிறுத்துப் பார்த்தீர்களா, இல்லை ஜீப்பில் உருட்டிக்கொண்டு வந்த பிறகா?" வழக்கு அன்றே முடிந்தது. அந்தக் கடைக்காரர் திருடினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வரிசையில் நின்று அரிசி வாங்கிய பெண்கள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பட்டறையில் மவுண்ட் மாட்டுகிறவர்கள் இன்றும் ஒரு காரியம் செய்கிறார்கள். திருகை இறுக்கிய பிறகு திருகுத் தலைமேலும் மவுண்ட்மேலும் சேர்த்து ஒரு கோடு பெயிண்ட் போடுவார்கள். கோடு விலகியிருந்தால் திருகு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் அப்படி ஒரு கோடு கிழித்து, ஒரு போட்டோ எடுத்திருந்தால், பழையபடி மாட்டிச் சுட்டுப் பார்த்து ஓரளவாவது சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் செய்யாமல் கழற்றியதைப் பற்றி அந்த வீடியோவில் ஒரு வார்த்தை இல்லை.

"சரி சார், அப்ப சுட்டது அவன்தானா இல்லையா?" என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டர். ஸ்கோப்பிடம் கேட்காதீர்கள், மற்ற சாட்சிகளிடம் கேளுங்கள் என்றேன். அவர் அடுத்த வீடியோவைத் தேட ஆரம்பித்தார்.